பழைய ரிப்போர்ட்டுகள் இருந்தால்

“ஒரு தலைவலி காய்ச்சல்னு இவ படுத்தது கிடையாது சிஸ்டர்” என்று நயினார் சொல்லிவிட்டார். அந்தப் பெண் அதை எழுதிக்கொண்டு போயும்விட்டாள். உலகம்மை வாயைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வாயைத் திறந்திருப்பாளா என்பது வேறு விஷயம். அந்தப் பெண் கேட்டது என்னவோ அவளைப் பார்த்துத்தான். சுகர் உண்டா, பிரஷர் உண்டா, இளைப்பு உண்டா, சின்ன வயசில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து ஊசி போட்டிருக்கிறீர்களா. கடைசிக் கேள்வியையும் மற்றவற்றைப் போலவே தலையைத் தூக்காமல், பேனாவை உதறிக்கொண்டே கேட்டாள். உலகம்மையின் கைதான் மடியில் இருந்த பையின் காதை இறுக்கிப் பிடித்தது. கல்யாணமான இந்த இருபத்து மூன்று வருஷத்தில் ஒருத்தர்கூட இந்தக் கேள்வியை இப்படி நேராகக் கேட்டதில்லை. அதற்குள் இவர் முந்திக்கொண்டார். பெருமையாக வேறு சொன்னார். பெண்டாட்டியின் ஆரோக்கியம் தான் சம்பாதித்து வைத்த சொத்து என்பதுபோல. இப்போது பக்கத்து நாற்காலியில் செல்போனில் மகளுக்கு வாட்ஸப் தட்டிக்கொண்டிருக்கிறார், ஒற்றை விரலால், உதட்டை அசைத்து அசைத்து. ஆஸ்பத்திரி வந்தாச்சு. பயம் ஒன்றும் இல்லை. இரத்தம் குறைவாக இருக்கும். இரத்தம் குறைவு என்று சொன்னது யார், அவளேதான், போன வாரம் பள்ளிக்கூட வாசலிலிருந்து முட்டை அட்டையைத் தூக்கிக்கொண்டு சத்துணவுக்கூடம் வரைக்கும் நடக்க முடியாமல் பாதி வழியில் மண்ணில் உட்கார்ந்துவிட்டபோது, டீச்சர்மார் ஓடிவந்தபோது, மூச்சு வாங்கிக்கொண்டே அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான். இரத்தம் குறைவு டீச்சர். பொய் எவ்வளவு கைப்பழக்கமாகிவிட்டது, மூச்சே வராத நேரத்தில்கூட அது வந்துவிடுகிறது.

எதிர்ச் சுவரில் ஒரு தாளைக் கண்ணாடிக் காகிதம் போட்டு ஒட்டியிருந்தார்கள். எக்கோ பரிசோதனைக்கு வருபவர்கள் கவனத்திற்கு. அவள் அதை எட்டாவது முறையாகவோ ஒன்பதாவது முறையாகவோ படித்தாள். முன்பக்கம் திறக்கிற உடை போட்டு வரவும். சேலைதான், பரவாயில்லை. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை நிறுத்த வேண்டாம். மாத்திரை ஏது. சாப்பிட்டுவிட்டு வரலாம், தொண்டை வழியாகக் குழாய் விட்டுச் செய்யும் எக்கோவுக்கு மட்டும்தான் வெறும் வயிறு. இது தெரியாமல் அடுத்த வீட்டு ஜெபமணி பேச்சைக் கேட்டுக்கொண்டு காலையிலிருந்து பச்சைத்தண்ணி பல்லில் படாமல் வந்திருக்கிறாள், மணி பதினொன்றரை, குடல் சுருண்டுகொண்டு கிடக்கிறது. “ஏளா, சாப்பிட்டே வந்திருக்கலாம்லா” என்று நயினார் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார், “கேண்டீன்ல ரெண்டு இட்லி வாங்கிட்டு வரட்டா?” வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு மறுபடி தாளைப் படித்தாள். வலி இருக்காது. எக்ஸ்ரே மாதிரி கதிர் எதுவும் கிடையாது, ஒலி அலைதான், உடம்புக்குக் கெடுதல் இல்லை. அரை மணி நேரம் ஆகும். அதற்குக் கீழே இருக்கிற வரிக்கு வரும்போதெல்லாம் கண் நின்றுவிடுகிறது. பழைய ரிப்போர்ட்டுகள் இருந்தால் கட்டாயம் கொண்டு வரவும். கட்டாயம் என்பதற்கு அடியில் கோடு போட்டிருந்தார்கள். இருந்தால் கொண்டுவரலாம். வெந்நீர் அடுப்பில் போனதை எப்படிக் கொண்டுவருவது. அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான், அது அந்தத் தாளில் இல்லை. இந்த மிஷின் நோவை மட்டும் காட்டுமா, நோவு வந்த வருஷத்தையும் காட்டுமா. மரத்தை அறுத்தால் வளையத்தை எண்ணி வயசு சொல்கிறார்களே, அதுபோல இருதயத்திலும் ஏதாவது வளையம் இருக்குமா. அதைப் பார்த்துவிட்டு டாக்டர் நயினாரிடம், சார், இது உங்கள் கல்யாணத்துக்கு முந்தினது என்று சொல்லிவிடுவாரா. இதை யாரிடம் கேட்பது. கேட்டாலே தெரிந்துவிடுமே.

ஆறாம் வகுப்பில் வலது முழங்கால் வீங்கியது. ஒரு வாரத்தில் அது வடிந்து இடது கணுக்கால் வீங்கியது, அப்புறம் மணிக்கட்டு. நோவு அவளுக்குள் வீடு மாற்றிக்கொண்டே இருந்தது. நடிக்கிறாள் என்றார் கணக்கு சார். அதற்கு முந்தின மாசம் தொண்டை கட்டிக் காய்ச்சல் வந்ததை எவரும் நினைவு வைத்திருக்கவில்லை. புளியங்குடியிலிருந்து பஸ் ஏற்றி அம்மா பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தாள். அந்த டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். கேட்டுவிட்டு மாணவர்களைக் கூப்பிட்டார். ஆறு பேர், இல்லை ஏழு பேர், வெள்ளைக் கோட்டுப் போட்டு வரிசையாக வந்து ஒவ்வொருத்தராகக் குனிந்து அவள் நெஞ்சைக் கேட்டார்கள். “நல்லா கேக்குதா? கேக்குதா?” ஒருத்தன் கேக்குது சார் என்று சிரித்தான், புதையல் கண்டதுபோல. அவள் சட்டையின் பொத்தானைப் போடலாமா கூடாதா என்று தெரியாமல் கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு கிடந்தாள். பதினோரு வயசு. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு இருபத்தோரு நாளைக்கு ஒருதரம் ஊசி. இடுப்பில் போட்டால் கால் பெருவிரல் வரைக்கும் இழுக்கும், இரண்டு நாள் நொண்டவேண்டும். காலண்டரில் அம்மா மஞ்சளால் பொட்டு வைத்திருப்பாள், வீட்டுக்கு வருகிறவர்கள் அது ஏதோ விரதம் என்று நினைத்துக்கொள்வார்கள். எட்டு வருஷம் தாண்டி ஒன்பதாவது வருஷம் நடக்கும்போது அம்பாசமுத்திரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து பூ வைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை, குளிக்க வெந்நீர் போட்டிருந்த அடுப்பில், ஆஸ்பத்திரியில் ஊசித் தேதி குறித்துத் தந்த அந்தப் பழுப்பு அட்டையை அம்மா செருகினாள். அட்டை எளிதில் பிடிக்கவில்லை, ஓரம் மட்டும் சுருண்டு புகைந்தது, அம்மா குச்சியால் தள்ளிவிட்டாள். “இன்னையோட உனக்கு ஒண்ணும் கிடையாது. இருந்தது எங்களுக்கு. நாங்க பாத்தாச்சு.” ஊசி, என்றாள் உலகம்மை. “ஒரு பிள்ளையப் பெத்துட்டா ஒருத்தரும் ஒண்ணும் கேக்கமாட்டாவ. மூச்சு விடாத.” மூச்சு விடாத என்றுதான் சொன்னாள். அதைத்தான் இத்தனை வருஷமும் செய்துகொண்டிருக்கிறாளோ.

அம்மாவைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. போன புரட்டாசியில் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். கடைசி நாலு நாள், பேச்சு நின்ற பிறகு, உலகம்மையின் மணிக்கட்டைப் பிடித்தபடியே கிடந்தாள். எல்லாரும் மகள்மேல் பாசம் என்றார்கள். விரல் இருந்த இடம் நாடி ஓடுகிற இடம். அம்மாவுக்கு நாடி பார்க்கத் தெரியாது. தெரியாது, ஆனால் எண்ணிக்கொண்டிருந்தாள் என்றே உலகம்மைக்குத் தோன்றியது. இப்போது இந்த உலகத்தில் விஷயம் தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான். அம்மா இருந்தவரைக்கும் அது இரண்டு பேர் சேர்ந்து பிடித்த பானை. இப்போது அத்தனை கனமும் ஒரு பக்கம். சொல்லிவிடலாம். இந்த ஆளிடமா. வாட்ஸப்பை மூடிவிட்டு இப்போது கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருக்கிற இந்த ஆளிடம். கெட்டவர் இல்லை. கை நீட்டினது இல்லை, பசித்தால்கூடக் குரல் உயர்த்தினது இல்லை. ஆனால் கணபதியா பிள்ளை விஷயம் அவளுக்குத் தெரியுமே. கரண்ட் ஆபீஸில் நயினாரோடு வேலை பார்த்தவர், அவர்கூடவே கம்பத்தில் ஏறின ஆள், மேலே போய் வலிப்பு வந்து, இடுப்புக் கச்சையில் தலைகீழாகத் தொங்கி, நயினார்தான் ஒரு கையால் கம்பத்தையும் ஒரு கையால் அவர் காலையும் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறார். பிழைத்துக்கொண்டார். வலிப்பு பத்து வருஷமாக இருந்ததாம், சொன்னால் ஏற விடமாட்டார்கள் என்று சொல்லவில்லையாம். அதற்கப்புறம் நயினார் அவர் வீட்டு வாசலை மிதித்ததில்லை. எதிரே வந்தால் சைக்கிளைத் திருப்பிக்கொள்வார். “விழப்போனதுக்கு இல்ல உலகு. சொல்லாததுக்கு.” சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார், அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள், கரண்டி தட்டில் இடித்தது. ஒன்பது வருஷமாகிறது. இன்னும் திருப்பிக்கொள்கிறார்.

கதவு திறந்து ஒரு பெரியவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி வெளியே வந்தார். நெஞ்சில் ஏதோ வழவழவென்று ஒட்டியிருந்ததைத் துண்டால் துடைத்துக்கொண்டார். “ஒண்ணுமே இல்ல, வயித்துல பிள்ளைக்குப் பாப்பாங்கள்ல ஸ்கேன், அதேதான்” என்று பொதுவாக எல்லாருக்கும் சொல்லிவிட்டுப் போனார். வயிற்றில் பிள்ளை. மகள் பிறந்தபோது ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது, பையன் வயிற்றில் ஏழாம் மாசமாக இருக்கும்போது, படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள். இருமினால் நுரையாக வந்தது. நயினார் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டார், உனக்கு ஏதும் இருக்கா, முன்ன பின்ன ஏதும் வந்திருக்கா. இல்லை என்றாள். கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். பையன் பிறந்து, எல்லாம் சரியாகி, வீட்டில் ஒருத்தரும் இல்லாத மத்தியானங்களில் தூங்குகிற பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பாள். பெரியவளையும் கூப்பிட்டு மடியில் போட்டுக் கேட்பாள். கேக்குதா, கேக்குதா. எதைக் கேட்கவேண்டும் என்று தெரிந்தால்தானே. குருவி பதைப்பதுபோல ஏதோ பதைக்கும், அவ்வளவுதான். இது பிள்ளைகளுக்கு வருமா வராதா என்பதைக்கூட ஒரு டாக்டரிடம் கேட்க முடியாமல் இரண்டு பிள்ளைகளை ஆளாக்கிவிட்டாள். “உலகம்மை நயினார்” என்று கூப்பிட்டார்கள். நயினாரும் எழுந்தார். “நீங்க இங்கயே இருங்க” என்றாள், சொன்ன வேகம் அவளுக்கே விசித்திரமாக இருந்தது. “கூட ஒருத்தர் வரலாம்னு சொன்னாங்களே.” “இருங்க, பொம்பளப் பிள்ளைதான் எடுக்கு. நான் போயிக்கிடுதேன்.”

உள்ளே இருட்டு. ஜன்னலுக்குத் திரை, ஏசிக் குளிர், ஒரு கட்டில், மிஷினின் வெளிச்சம் மட்டும். எடுக்கிற பெண்ணுக்கு முப்பது வயசிருக்கும், மார்பில் பியூலா என்ற பெயர்ப்பட்டை குத்தியிருந்தது. முன்பக்கம் முடிச்சுப் போடுகிற ஒரு பச்சை அங்கியைக் கொடுத்து, திரும்பி நின்றுகொண்டாள். அப்படித் திரும்பி நின்றதற்காகவே உலகம்மை முடிச்சை அவசரமில்லாமல் போட்டாள். மூன்று ஸ்டிக்கரை ஒட்டி ஒயரை மாட்டினாள். “அக்கா, இடது பக்கம் திரும்பிப் படுங்க. இடது கைய மடக்கித் தலைக்கு வச்சுக்கோங்க. ஜெல் கொஞ்சம் ஜில்லுனு இருக்கும்.” ஜில்லென்றுதான் இருந்தது. விலா இடுக்கில் அந்தக் கருவி வந்து அழுந்தியது, வலி இல்லை, யாரோ ஒரு விரலை வைத்து இங்கேயா இங்கேயா என்று கேட்பதுபோல. “மூச்ச வெளிய விட்டுட்டு அப்படியே நிறுத்துங்க.” நிறுத்தினாள். நிறுத்துவதில் அவள் கெட்டிக்காரி. “விடலாம்.” தலையைச் சற்றுத் தூக்கினால் திரையின் ஒரு ஓரம் தெரிந்தது. சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. முழுசாகத் திறக்கவில்லையோ. முழுசாகத் திறந்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும். அப்புறம் அதன்மேல் நிறங்கள் வந்தன, சிவப்பும் நீலமும், நடுவில் மஞ்சளும் பச்சையும் குழம்பிப் பீறிட்டன. பியூலா எதையோ திருகினாள், திடீரென்று அறை முழுக்கச் சத்தம். ஷ்ஷ்வாக். ஷ்ஷ்வாக். ஈரத்துணியைக் கல்லில் அடிப்பதுபோல, குழாயில் காற்று சிக்கி இரைவதுபோல. இதுவா. ஏழு பேர் வரிசையில் நின்று கேட்டது இதுதானா. முப்பத்திரண்டு வருஷம் கழித்து அவள் இப்போதுதான் கேட்கிறாள். உள்ளேயே இருந்துகொண்டு, அவள் சோற்றைத் தின்றுகொண்டு, கோள் சொல்கிறதே இது. இந்தச் சத்தம் கதவுக்கு வெளியே கேட்குமா. அவர் நாற்காலி கதவுக்குப் பக்கத்தில்தானே.

பியூலா முதலில் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தாள், எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பிள்ளை. இப்போது பேசவில்லை. ஒரே இடத்தில் கருவியை வைத்துக்கொண்டு, படத்தை நிறுத்தி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குக் கோடு இழுத்து, மறுபடி அழித்து, மறுபடி இழுத்தாள். டிக். டிக். ஒவ்வொரு டிக்கையும் உலகம்மை எண்ணினாள். “அக்கா” என்றாள் கடைசியில், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், “சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் ஏதும் வந்துச்சா? ஃபாரத்துல இல்லன்னு இருக்கு.” “ஏன் கேக்கீங்க?” “ரிசல்ட்ட நான் சொல்லக்கூடாதுக்கா, டாக்டர்தான் சொல்லணும். பழசு தெரிஞ்சா அவங்களுக்கு உதவியா இருக்கும்.” உலகம்மை சுவரைப் பார்த்தாள். “ஒண்ணு கேக்கட்டுமா? இது எந்த வருஷம் வந்ததுன்னு இதுல தெரியுமா?” பியூலாவின் கை ஒரு கணம் நின்றது. “வருஷம்லாம் காட்டாதுக்கா. நேத்து இன்னைக்கு வந்தது இல்லன்னு வேணா சொல்லலாம். அது அஞ்சு வருஷமா முப்பது வருஷமான்னு மிஷினுக்குத் தெரியாது.” தெரியாதாம். மிஷினுக்குத் தெரியாது. அட்டை சாம்பலாகிவிட்டது, அம்மா போய்விட்டாள், மிஷினுக்குத் தெரியாது. எப்போது வந்ததோ டாக்டர், தெரியாமலே இருந்திருக்கிறது என்று இவரும் சொல்வார், டாக்டரும் தலையாட்டுவார், அடுத்த நோயாளி வருவார். தப்பித்துவிட்டாள். தப்பித்துவிட்டோம் என்று அம்மாவின் குரலில் கேட்டது. ஷ்ஷ்வாக், ஷ்ஷ்வாக். அந்தக் குரலுக்கு அடியில் இது ஓடிக்கொண்டே இருந்தது, நிற்கவே இல்லை. யாரிடமிருந்து தப்பித்தாள். சாகப்போகிறது யார். வெளியே உட்கார்ந்திருக்கிறவரா. திடீரென்று அவளுக்கு அந்தப் பதினோரு வயசுப் பிள்ளையின்மேல் ஆங்காரமாக வந்தது, அதன் கையை அந்தரத்திலிருந்து இழுத்து வைக்கவேண்டும் போல. “எட்டு வருஷம் ஊசி போட்டேன்” என்றாள். சொன்னது தான்தானா என்று இருந்தது. “பதினோரு வயசுல வந்துச்சு. இருபத்தோரு நாளைக்கு ஒருக்கா. எட்டு வருஷத்துக்கு மேலயே. கல்யாணம்னு நிறுத்திட்டாங்க.” பியூலா ம் என்றாள். கீபோர்டில் தட்டினாள், ஒரு வரி இருக்கும். வானம் இடிந்து விழவில்லை. “வெளிய இருக்கவங்களுக்குத் தெரியாதாக்கா?” “தெரியாது.” பியூலா பஞ்சால் ஜெல்லைத் துடைத்துவிட்டாள், விலாவில், மார்புக்கு அடியில், பிள்ளையைத் துடைப்பதுபோல. “ரிப்போர்ட்டுல வரும்க்கா. டாக்டர் கூப்பிட பத்து நிமிஷம் ஆகும். நீங்களே சொல்லிருங்க.”

பத்து நிமிஷத்தில் எட்டு நிமிஷம் அவள் சேலைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். “என்ன சொன்னா அந்தப் பிள்ளை?” என்றார் நயினார். “டாக்டர்தான் சொல்வாங்களாம்.” பிறகு, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, சொன்னாள். முழங்காலிலிருந்து தொடங்கினாள். ஊசி, மஞ்சள் பொட்டு, அட்டை, அடுப்பு. எல்லாம் சேர்ந்து நாலைந்து வாக்கியம்தான் வந்தது, இத்தனை வருஷமாக இவ்வளவு சின்னதையா சுமந்தாள். நயினார் கண்ணாடியைக் கழற்றினார். சைக்கிளைத் திருப்பிக்கொள்வார் என்று அவள் நினைத்தாள். இப்போது திருப்பிக்கொள்வார். “பையன் வயித்துல இருக்கப்ப” என்றார் கடைசியில், குரல் அவருடையதாக இல்லை, “நீ மூச்சு முட்டிக் கிடந்தியே. டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டாங்க. இதுக்கு முன்னாடி நெஞ்சுல ஏதும் உண்டா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னு. நான் யோசிக்கவே இல்ல. இல்லன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.” “அவங்க உங்ககிட்ட கேட்டது எனக்குத் தெரியாது.” “நீ போயிருந்தா? அன்னைக்கே நீ போயிருந்தா? நான்லா கொன்னிருப்பேன். கொன்னுட்டு, எனக்கே தெரியாம, உனக்கு வருஷா வருஷம் படையல் போட்டுட்டு இருந்திருப்பேன்.” எழுந்து நடந்தார். வராண்டாக் கோடிவரை போனார், திரும்பவில்லை.

டாக்டர் கூப்பிட்டபோது அவள் தனியாகத்தான் போனாள். சின்ன வயசுக்காரர்தான். ஒரு தாளைத் திருப்பி இருதயம் வரைந்து காட்டினார். இது வால்வு. அந்தக் காய்ச்சலில் தடித்துப்போனது, ஊசி பாதியில் நின்றதில் இன்னும் சுருங்கியிருக்கும், இப்போது பாதிக்குமேல் அடைப்பு. மருந்து தருகிறேன், ஆனால் அதோடு போகாது, தொடை வழியாகப் பலூன் விட்டு விரிக்கலாம், அதற்கு முன்னால் தொண்டை வழி எக்கோ ஒன்று எடுக்கவேண்டும், அதற்குத்தான் வெறும் வயிறு. “இது பிள்ளைங்களுக்கு வருமா?” என்று கேட்டாள். அவளுக்கே ஆச்சரியம், எவ்வளவு சாதாரணமாகக் கேட்டுவிட்டாள். “பரம்பரையா வர்ற நோய் இல்லம்மா இது.” நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள். கதவு திறந்தது. நயினார். முகத்தில் தண்ணீர் அடித்திருந்தார், சட்டைக் காலர் நனைந்திருந்தது. “உக்காருங்க” என்றார் டாக்டர். “நிக்கேன் சார். சொல்லுங்க.” டாக்டர் மறுபடி முதலிலிருந்து சொன்னார். நயினார் அவள் பக்கம் பார்க்கவில்லை, தாளில் இருந்த படத்தையே பார்த்தார். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார். “அம்பாசமுத்திரம் வரைக்கும் பஸ்ல கூட்டிட்டுப் போலாமா சார், இல்ல கார் வைக்கணுமா?” “பஸ்லயே போலாம். கூட்டத்துல நிக்க விடாதீங்க.”

ரிப்போர்ட்டை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் ஏறிக்கொண்டிருந்தது, படியில் இறங்கினார். இன்றைக்குப் பேசமாட்டார், நாளைக்கும் மாட்டார், எத்தனை நாள் என்று தெரியாது, கேட்கிற உரிமை அவளுக்கு இல்லை. நாலு படி இறங்கினவர் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை, கைப்பிடிக் கம்பியில் கையை வைத்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவள் இறங்கி அவர் நின்ற படிக்கு வந்து, மூச்சு சீராகிறவரைக்கும் நின்றாள். பிறகு அவர் அடுத்த நாலு படி இறங்கினார்.